நேரில் பார்த்தேன்

கலைக்களஞ்சிய அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'பார்த்தாச்சாம்மா'. யார் எந்தத் தகவல் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாலும் தலையை நிமிர்த்தாமல் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான். "பார்த்தாச்சா?" ஒரு மன்னர் செத்துப்போன வருஷமாக இருக்கலாம், ஒரு வண்டுக்கு எத்தனை புள்ளி என்பதாக இருக்கலாம். அந்தத் தகவல் முதன்முதலில் எங்கே வெளிவந்ததோ அந்த மூலத்தைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, சீட்டின் வலது மூலையில் 'நேரில் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். போடாத சீட்டு அச்சுக்குப் போகாது. பார்க்காமல் போட்டவர் வேலையில் இருக்க முடியாது. முப்பது வருஷத்தில் மூன்று பேர் அப்படி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கடைசியாகப் போனவரை அனுப்பியது அவளேதான். அந்த ஆள் அழுதுகொண்டே போனார்.

இப்பேர்ப்பட்ட பதிப்பாசிரியை ஒரே ஒரு சீட்டில் பொய்க் கையெழுத்துப் போட்டிருந்தாள். இருபத்துநாலு வருஷமாக அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மகன் கல்யாணத்துக்கு சம்மதம் பேசப் போன இடத்தில் அது எதிரே வந்து உட்கார்ந்துகொண்டு தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் என்று யார் கண்டார்கள்?

மகன் பல் வைத்தியர். மருந்துக்கடை நடத்தும் பெண் ஒருத்தியைப் பிடித்திருக்கிறது என்றான். நல்லது என்றாள். பெண்ணின் குடும்பப்பெயரைச் சொன்னான். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஆனால் அது எங்கே பார்த்தாலும் இருக்கிற பெயர். தொலைபேசிப் புத்தகம் இருந்த காலத்தில் அந்தப் பெயருக்கு மட்டும் ஒன்பது பக்கம். எனவே மனதைத் தட்டி அடக்கிவிட்டுக் கிளம்பினாள்.

பெண்ணின் அப்பா நீர் அளவீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லி. பேசும்போது ஆள்காட்டி விரலால் மேஜைமேல் ஏதாவது கோடு இழுத்துக்கொண்டே இருப்பார். பெண்ணின் அம்மாவோ கலகலப்பு. அந்த அம்மாவின் தம்பியும் வந்திருந்தார். டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர், பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே பழகியதால் எல்லார் பேச்சிலும் பிரேக்கை மிதிக்கிற குணம்.

"என்ன புரொபசர் மாமா, அமைதியா இருக்கீங்க? சம்பந்தியம்மாகிட்ட உங்க வளைவைப் பத்திச் சொல்லலையா?" என்றார் அந்தத் தம்பி.

"ஆரம்பிச்சுடாதேடா" என்றாள் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அவரு சொல்ல ஆரம்பிச்சா சாப்பாடு ஆறிடும்."

பதிப்பாசிரியைக்குக் கையிலிருந்த டம்ளர் கனத்தது. "வளைவா?"

"வண்டல் வளைவுங்க. அணையில எவ்வளவு வேகமா சேறு படியும்னு கணக்குப் பண்ற கோடு. இன்ஜினியருங்க எல்லாம் மாமாவோட குடும்பப்பேரைச் சொல்லித்தான் அதைக் கூப்பிடறாங்க. அதே பேர்ல பெரிய புரொபசர் ஒருத்தர் இருந்தார் இல்லையா, வெப்ப விதி கண்டுபிடிச்சவரு? அவரு போட்ட வளைவு அது. நம்ம மாமா என்ன சொல்றாருன்னா, அது இவரே போட்டதாம்! அதனாலதான் வீட்ல எல்லாரும் இவரைப் புரொபசர்னு கூப்பிடறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், பல வருஷமாகச் சிரித்துப் பழகின சிரிப்பு. விரல் மட்டும் மேஜைமேல் மேலிருந்து இறங்கி, போகப்போகப் படுத்துக்கொள்கிற ஒரு கோட்டை இழுத்தது.

தம்பி அத்தோடு விடவில்லை. அலமாரியிலிருந்து கலைக்களஞ்சியத்தின் ஒன்பதாம் தொகுதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இந்தச் சண்டையை முடிப்பதற்காகவே அந்த ஒரு தொகுதியை மட்டும் வாங்கி வைத்திருக்கிறார்களாம். பக்கமும் அடையாளம் வைத்துத் தயாராக இருந்தது. "இதோ. 'வண்டல் வளைவு: மேற்படி பேராசிரியர் வகுத்தது.' சம்பந்தியம்மா, நீங்கதான் இந்தப் புத்தகத்துக்கே தலைமையாமே. நீங்களே சொல்லிடுங்க. புத்தகம் சரியா, மாமா சரியா?"

எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. அவர் முகமும் திரும்பியது. அதில் ஏதோ ஒரு நப்பாசை இருந்தது. அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

"எங்க புத்தகத்துல ஒவ்வொரு வரியும் மூலத்தைப் பார்த்துட்டுத்தான் போடறது" என்றாள்.

"கேட்டீங்களா மாமா!" என்று தம்பி தொடையைத் தட்டினார். பெண்ணின் அப்பா விரலை மடக்கிக்கொண்டார். எழுந்துபோய் அவளுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

வாழ்க்கையில் ஒரு தடவை பொய் சொல்லலாம், பயத்தில் சொன்னோம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அதே பொய்யை, அதே மனிதரின் வீட்டில், அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே இன்னொரு தடவை சொல்பவளை என்னவென்று சொல்வது? அன்றைக்கு வீடு திரும்பும்வரை மகன் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தான். ஒன்றும் காதில் விழவில்லை.

நடந்தது இதுதான். கலைக்களஞ்சியத்தில் பெயர்ப் பக்கம் என்று ஒரு வகை உண்டு. ஒரே குடும்பப்பெயரைச் சுமக்கிற எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வரிசையாகப் போடுவது. அந்தப் பெயருக்குப் பதினாலு வரி வந்தது. மூன்று மனிதர்கள்: வெப்ப விதிப் பேராசிரியர், ஒரு வரைபடக்காரர், ஒரு குத்துச்சண்டை வீரர். பிறகு விதி, எண், வளைவு என்று விஞ்ஞானம். பிறகு நாலு ஊர், ஒரு விரிகுடா, ஒரு பாலம், நிலாவில் ஒரு பள்ளம். கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு அந்துப்பூச்சி. அவளுக்கு அப்போது வயது முப்பத்துமூன்று, வேலைக்குச் சேர்ந்து ஏழு வருஷம். பதினாலு சீட்டில் பதிமூன்றை அலைந்து திரிந்து முறையாகப் பார்த்தாள். பூச்சிக்காக மூன்று நாள் அருங்காட்சியகத்துக்கு நடந்தாள்.

வளைவுதான் பாக்கி. ஒரு பாடநூலின் அடிக்குறிப்பில் மூலம் இருந்தது: குடும்பப்பெயர், நீர் அளவீட்டுத் துறையின் காலாண்டு மடல், வருஷம். அந்த மடலில் கட்டுரை எழுதினவரின் குடும்பப்பெயரை மட்டும்தான் போடுவார்கள். மடலைப் பார்க்க நூலகத்துக்குப் போனாள். கரையானுக்கு மருந்து அடிக்கிறார்கள், இரண்டு வாரம் மூடியிருக்கும் என்றார்கள். பக்கம் அச்சுக்குப் போக இரண்டு நாள்தான் இருந்தது. விதி பேராசிரியருடையது, எண் பேராசிரியருடையது, வளைவு மட்டும் வேறு யாருடையதாக இருந்துவிடப் போகிறது? 'மேற்படி பேராசிரியர்' என்று எழுதினாள். வலது மூலையில் 'நேரில் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மடல் வெளிவந்த வருஷத்துக்கு இரண்டு வருஷம் முன்பே அந்தப் பேராசிரியர் இறந்துபோயிருந்தார். அவர் இறந்த வருஷத்தைச் சீட்டில் எழுதியதும் அவளேதான். அதே பெட்டியில், இதற்கு ஐந்து சீட்டு மேலே இருந்தது.

தொகுதி வெளிவந்த நாலாவது மாதம் ஒரு கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். அந்த வளைவு தன்னுடையது, தவறு நேர்ந்திருக்கலாம் என்று ஒரு நீர் அளவீட்டு உதவியாளர் எழுதியிருந்தார். இரண்டாவது கடிதத்தோடு மடலையே அனுப்பியிருந்தார். 'என்னிடம் உள்ள ஒரே பிரதி. அலுவலகக் கோப்புகள் வெள்ளத்தில் போய்விட்டன. நூலகத்திலும் கரையான் தின்றுவிட்டதாகச் சொல்கிறார்கள். பார்த்துவிட்டுத் தயவுசெய்து திருப்பி அனுப்பவும்.'

பிரித்துப் பார்த்தாள். இரண்டே பக்கம். ஆண்டைப் பார்த்ததும் பெட்டியிலிருந்து பேராசிரியரின் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். உண்மை அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த மாதம்தான் பழைய தலைமை ஆசிரியர், பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்காக ஒருவரை எல்லார் முன்னிலையிலும் நிற்கவைத்து வெளியே அனுப்பியிருந்தார். வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை, கணவருக்கு நிரந்தர வேலை கிடையாது. அவள் என்ன செய்தாள்? 'தங்கள் கடிதம் கிடைத்தது. அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும். ஆசிரியர் குழு' என்று அச்சடித்த அட்டையை அனுப்பினாள். மடலைத் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பினால் அவர் வேறு யாரிடமாவது காட்டிவிடுவாரே! கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. இரண்டு கடிதங்களோடு ஒரு பழுப்பு உறையில் போட்டு, மேலே 'பழைய வாரண்டி அட்டைகள்' என்று எழுதித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். திருட்டில்கூட அவளுக்கு ஒழுங்கு.

மூன்றாவதாக ஒரே ஒரு கடிதம் வந்தது. நாலே வரி. 'சரி, விட்டுவிடுகிறேன். ஆனால் உங்கள் முன்னுரையில், ஒவ்வொரு வரியும் மூலத்தை நேரில் பார்த்து எழுதப்பட்டது என்று இருக்கிறது. என் கட்டுரையை நேரில் பார்த்தவர் யாரென்று தெரிந்தால் ஒன்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்வேன். படித்தபோது புரிந்ததா?'

அந்தக் கடிதமும் பழுப்பு உறைக்குள் போனது. அட்டையில் சொன்ன அடுத்த பதிப்பு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. வரி அப்படியே இருந்தது. பொய் சும்மாவும் இருக்கவில்லை. களஞ்சியத்தைப் பார்த்து அணைக்கட்டு நிர்வாகம் பேராசிரியருக்கு அணைக்கரையில் ஒரு சிலை வைத்தது, அந்தச் சாலைக்கும் அவர் பெயரை வைத்தது. சாலை வந்ததால் பெயர்ப் பக்கத்தில் பதினைந்தாவது வரி சேர்ந்தது. அதற்கான சீட்டுக்குப் பதிப்பாசிரியை நேரிலேயே போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு முறையாகக் கையெழுத்துப் போட்டாள். வண்டல் அளக்கிற மனிதர் தினமும் தண்ணீர் பிடிக்கிற பாட்டில் பையோடு அந்தச் சிலையைத் தாண்டித்தான் வேலைக்குப் போயிருப்பார் என்று அப்போது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. அதனால்தான் தலையைக் குனிந்துகொண்டு பேருந்து ஏறினாள்.

சம்பந்தி வீட்டுக்குப் போய்வந்த மறுவாரம் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். புதிய பதிப்பு அச்சுக்குப் போகிற நேரம். தலைமைப் பொறுப்பு அவளுடையது, கேட்பதற்கு மேலே ஆள் இல்லை. பழைய சீட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் புதிய சீட்டு எழுதினாள். 'வண்டல் வளைவு: நீர் அளவீட்டு உதவியாளர் ஒருவர் பதினோரு ஆண்டு அளவீடுகளிலிருந்து வகுத்தது.' அவருடைய முழுப்பெயரையும் ஊரையும் போட்டாள். பழுப்பு உறையைத் திறந்து மடலை எடுத்து, நேரில் பார்த்துவிட்டு, 'நேரில் பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டாள். உறையை மறுபடி பூட்டினாள். அப்பாடா என்று இருந்தது. யாருக்கும் தலைகுனிவு இல்லாமல் கணக்கு நேராகிவிட்டதாம்! இந்த மாதிரி நேர்த்தியாகத் தப்பிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் அவள் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்தது. மூன்று மாதம் கழித்துப் புதிய ஒன்பதாம் தொகுதி வெளிவந்தது. முதல் பிரதியை மருமகள் கையில் கொடுத்து அப்பாவிடம் சேர்க்கச் சொன்னாள். அவர் முகம் எப்படி மலரும் என்று அன்று முழுக்கக் கற்பனை பண்ணிக்கொண்டிருந்தாள்.

நடந்தது வேறு. மறுநாள் மருமகள் வேலையிலிருந்து வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள்.

"அத்தை, அப்பாவுக்காக நீங்க இப்படிச் செஞ்சிருக்க வேண்டாம்."

"எப்படி?"

"அந்த வளைவு. எங்க டிரைவிங் ஸ்கூல் மாமா எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டு இருக்காரு. 'பொண்ணைக் குடுத்து வளைவை வாங்கிட்டாரு'ன்னு. அப்பாவோட பழைய ஆபீஸ்ல ஒருத்தர் விடாம சிரிக்கறாங்க. இத்தனை நாளா அப்பா சொன்னதை யாரும் நம்பலை, அவ்வளவுதான். வேடிக்கையா போச்சு. இப்போ அசிங்கமா போச்சு." அவள் கண் கலங்கியது. "நீங்க நல்ல எண்ணத்துலதான் பண்ணீங்க, எனக்குப் புரியுது. ஆனா இல்லாததைப் போட்டா எப்படி அத்தை?"

பெற்ற மகளே நம்பவில்லை. நம்புவதற்கு என்ன இருக்கிறது? இருந்த ஒரே ஆதாரம் வாரண்டி அட்டை என்ற பெயரில் பூட்டிக் கிடக்கிறது.

இரண்டு நாள் கழித்து அவரே அலுவலகத்துக்கு வந்தார். துணிப்பையில் அந்தக் கனமான தொகுதி. வரவேற்பறையில் அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு, அவள் அறைக்குள் வந்ததும் உட்காராமல் பேசினார்.

"சம்பந்தி, இதை எடுத்துடுங்க. அடுத்த தடவை அச்சடிக்கும்போது பழையபடியே போட்டுடுங்க."

"ஏன்? அது உங்களுதுதானே?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"என்னுதுதான். அதுக்காக இப்படி வரணுமா? முன்னாடி எல்லாருக்கும் நான் ஒரு பீத்தல்காரன். பரவாயில்லை, பழகிடுச்சு. இப்போ செத்துப்போன பெரிய மனுஷன்கிட்டயிருந்து திருடினவன். பொண்ணு வழியா திருடினவன்." அவர் தொகுதியை மேஜைமேல் மெதுவாக வைத்தார். "என்கிட்ட அந்த மடல் இருந்தா யார் மூஞ்சியிலயும் விட்டெறிஞ்சிருப்பேன். இருந்த ஒண்ணையும் உங்க ஆபீஸுக்குத்தான் அனுப்பினேன், ரொம்ப வருஷம் முன்னாடி. யாரோ குப்பையில போட்டுட்டாங்க போல. நீங்க என்ன பண்ணுவீங்க? நீங்க என் பேச்சை மட்டும் நம்பிப் போட்டிருக்கீங்க. அந்த நல்ல மனசு யாருக்கு வரும்?"

அவருக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் அந்த அலமாரி இருந்தது. சாவி அவள் மேஜை இழுப்பறையில். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் ஒன்று அடித்துக்கொண்டது. அவள் "பார்க்கறேன்" என்றாள். நல்ல மனசு என்ற வார்த்தை மட்டும் அறைக்குள் நின்றுவிட்டது. அவர் போன பிறகு அவள் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். வெளியே உதவி ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்தாச்சாம்மா அழுது யாரும் கேட்டதில்லை.

அழுது முடித்ததும் உறையை எடுத்து மடலைப் படித்தாள். இதற்கு முன் இரண்டு தடவை அதைக் கையில் எடுத்திருக்கிறாள், ஒரு தடவை வருஷத்தைப் பார்க்க, ஒரு தடவை பெயரைப் பார்க்க. படித்தது இதுதான் முதல் தடவை. படித்து முடித்ததும் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஒன்றையும் மறைக்கவில்லை. பொய்க் கையெழுத்து, அடக்கி வைத்த கடிதங்கள், திருப்பாத மடல், தான் வேலையை விட்டு அனுப்பிய அந்த மனிதரின் பெயர் எல்லாம் அதில் இருந்தது. அடுத்த மாதம் அவளுக்கு நடக்கவிருந்த பணி ஓய்வுப் பாராட்டுக் கூட்டம் நடக்காது என்று தெரிந்தேதான் அந்தக் கடிதத்தை ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சம்பந்தி குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டாள். தம்பியையும் கட்டாயம் வரச் சொன்னாள். சாப்பிட்ட தட்டுகளை எடுத்து மேஜையைத் துடைத்த பிறகு, பழுப்பு உறையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"வாரண்டி அட்டையா?" என்றார் தம்பி. "எதுக்கு சம்பந்தியம்மா, ஃப்ரிட்ஜ் ரிப்பேரா?"

"பிரிச்சுப் பாருங்க."

அவர் பிரித்தார். மூன்று கடிதங்களையும் மடலையும் மேஜையில் போட்டார். ஒவ்வொரு கடிதத்திலும் அலுவலக முத்திரை, வந்த தேதி, வாங்கியவரின் சுருக்கக் கையெழுத்து.

"தேதியைப் படிங்க" என்றாள்.

படித்தார். வருஷத்தைப் படித்ததும் அவர் குரல் தணிந்தது.

"அப்போ என் பையனுக்கு அஞ்சு வயசு. உங்க வீட்டுப் பொண்ணுக்கு மூணு. சம்பந்தம் பேசி வாங்கின வளைவு இல்லை அது. இவரு அப்பவே எழுதியிருக்காரு. ஒரு தடவை இல்லை, மூணு தடவை. அந்தச் சுருக்கக் கையெழுத்து என்னுது. தப்பாப் போட்டதும் நான்தான். தெரிஞ்சும் மறைச்சது நான்தான். அன்னைக்கு உங்க வீட்ல எல்லார் முன்னாடியும் இவரைப் பொய்யனாக்கினதும் நான்தான். நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துட்டேன்."

"அம்மா, நீயா?" என்றான் மகன். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் எழுந்துபோய் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். இனி அந்த இடத்துக்குத் திரும்பி வருவாளா என்று பதிப்பாசிரியைக்குத் தெரியவில்லை. வராவிட்டாலும் கேட்க உரிமை இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

பெண்ணின் அப்பா யாரையும் பார்க்கவில்லை. மடலை எடுத்து, ஓரம் பொடிந்த தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். தொலைந்துபோன பிள்ளை திரும்பி வந்தால் முதலில் அடிபட்டிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்களே, அப்படிப் பக்கங்களைத் தடவினார்.

"படிங்க, கேப்போம்" என்றாள் அவர் மனைவி. குரலில் வழக்கமான கலகலப்பு இல்லை.

அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. மடலைப் பதிப்பாசிரியை பக்கம் நகர்த்தினார். அவள் படித்தாள். அணையின் ஐந்து இடங்களில், பதினோரு வருஷம், தினமும் காலையில் எடுத்த தண்ணீர். பாட்டிலில் சேறு இறங்க எவ்வளவு நேரம், காய வைத்தால் எவ்வளவு எடை. கோடு ஏன் முதலில் செங்குத்தாக விழுந்து பிறகு படுத்துக்கொள்கிறது. எளிமையான, கூச்ச சுபாவமுள்ள வாக்கியங்கள். கடைசியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் படிக்கும் முன் அவள் அவர் மனைவியை ஒரு தடவை பார்த்தாள்.

"'அலுவலகத்தில் இடமில்லாததால் பதினோரு வருஷம் சமையலறை ஜன்னலைப் பாட்டில்களுக்கு விட்டுக்கொடுத்த என் மனைவிக்கு நன்றி.'"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "பாட்டில் வச்சது எனக்குத் தெரியாதா? நான்தானே தினமும் தூசு தட்டினேன்" என்றாள். "ஆனா புத்தகத்துல வேற ஆள் பேர் இருந்துச்சே. நம்ம ஜன்னல்ல இருந்த சேறும் உலகம் பேசற வளைவும் ஒண்ணா இருக்கும்னு எனக்கு எப்படித் தோணும்? புத்தகத்தைத்தானே நான் நம்பினேன்." அவள் கணவரின் கையைப் பிடிக்கப் போய், பிடிக்கலாமா என்று தயங்கி, மேஜைமேலேயே கையை வைத்துக்கொண்டாள். தம்பி எழுந்துபோய் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பெண்ணின் அப்பா கடிதங்களில் கடைசியாக எழுதியதை மட்டும் பிரித்தெடுத்தார்.

"சம்பந்தி, மூணாவது கடிதத்துல ஒண்ணு கேட்டிருந்தேன்."

"ஞாபகம் இருக்கு. அப்போ நான் படிக்கவே இல்லை. பார்க்காமதான் கையெழுத்துப் போட்டேன்."

"இப்போ?"

"படிச்சேன். ஒரு இடம் புரியலை." அவள் வரைபடத்தில் விரலை வைத்தாள். "பத்தாவது வருஷம், இங்க ஒன்பது நாள் கோடே இல்லை. காரணமும் எழுதலை."

அவர் குனிந்து பார்த்தார். பின்னால் நின்ற மகளின் கை தன் தோளில் இருந்ததை அப்போதுதான் கவனித்ததுபோல அதன்மேல் தன் கையை வைத்தார்.

"இவ பொறந்த ஒன்பது நாள் அது. தண்ணி எடுக்கப் போகலை. அதைப் போய்க் கட்டுரையில எப்படி எழுதறது?"

மருமகள் அப்பாவின் தலைமேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பதிப்பாசிரியை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கோபமாக இல்லை, வேலை நடுவில் குறுக்கே பேசுகிறவரை நிறுத்துவதுபோல. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவள் முன்னால் வைத்து, மடலின் வலது மூலையைக் காட்டினார்.

"நேரில் பார்த்தேன்னு எழுதுங்க."

எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். பேனா தேதிக்கு வந்ததும் நின்றது.

"இன்னைக்குத் தேதியைப் போடுங்க" என்றார் அவர்.